ஐந்தாம் நிலை மலாய்

பள்ளியிலிருந்து வந்த அறிக்கையில் ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு மலாய் மொழியில் ஐந்தாம் நிலை என்று போட்டிருந்தது. ஆறுதான் உச்சம். என் கணவர் அதைப் படம் பிடித்து உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பூங்கொத்தும் கைதட்டலும் வந்து குவிந்தன. எனக்கு மட்டும் உறுத்தல். நான் அப்படித்தான். காய்கறிப் பாசாரில் கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு தக்காளி கூடப் போட்டால், அழுகலைத் தள்ளிவிடுகிறாரா என்று திருப்பிப் பார்க்கிற ஆள்.

சந்தேகம் சும்மா வரவில்லை. யூ.பி.எஸ்.ஆர் என்கிற ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சை இருந்த காலத்தில் பிள்ளைகளின் தாளை முகம் தெரியாத யாரோ திருத்துவார்கள். பரீட்சை நெருங்கினால் கிள்ளானில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பிள்ளையார் காலடியில் பென்சில்கள் குவிந்து கிடக்கும். ஐயர் அர்ச்சனை செய்து, திருநீறு படிந்த பென்சிலைத் திருப்பிக் கொடுப்பார். அந்தப் பயம் ஒழிந்தது நல்லதுதான், நான் ஒன்றும் பரீட்சைக்குக் கொடி பிடிக்கிறவள் இல்லை. ஆனால் இப்போது பாடம் நடத்துகிறவரே நிலையும் போடுகிறார். வருஷக் கடைசிச் சோதனையையும் பள்ளியிலேயே திருத்திவிடுகிறார்கள். சமைத்தவரே ருசி பார்த்துப் பிரமாதம் என்றால் எப்படி நம்புவதாம்?

அதோடு இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கிற பிள்ளைக்கு மலாயில் மூன்றுக்குக் கீழே வந்தால் நேராக இடைநிலைப்பள்ளிக்கு, ஃபார்ம் ஒன்னுக்கு, போக முடியாது. ரிமூவ் கிளாஸ் என்கிற புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து மலாய் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் சனத்துக்கு அது பெரிய அவமானம். பிள்ளை ரிமூவில் இருந்தால் கல்யாண வீட்டில் பந்திக்குக்கூட உட்காராமல் நழுவிவிடுவார்கள், யாராவது என்ன படிக்கிறாள் என்று கேட்டுவிடுவார்களோ என்று. இப்படி இருக்கும்போது எந்த ஆசிரியருக்கு இரண்டு போட மனசு வரும்?

இதை என் கணவரிடம் சொன்னால் எரிந்து விழுந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஹோட்டலில் வேலை அவருக்கு. மகள் மலாய் கதை சொல்லும் போட்டியில் மெடல் வாங்கிய வீடியோவை அங்கே வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, குரலை ஏற்றி இறக்கி அவள் சொல்வதைப் பார்த்தால் யாருக்கும் பெருமையாகத்தான் இருக்கும். பெற்ற பிள்ளை மேலேயே கண் வைக்காதே என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒரு நாள் காலையில் எங்கள் ஃபிளாட்டில் குழாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது. ஒரு குடம்கூடப் பிடித்து வைக்கவில்லை. எதிர் வீட்டு ஆன்டி வாளி வாளியாக நிரப்பி வைத்துக்கொண்டு, லிஃப்டில் நோட்டிஸ் ஒட்டியிருந்தார்களே, பார்க்கவில்லையா என்றார். நான் வேலை முடிந்து வந்த அவசரத்தில் பார்க்கவில்லை. மகளைக் கேட்டேன்.

"படிச்சேனேம்மா," என்றாள். சொன்னதோடு நிற்காமல், டிவியில் செய்தி வாசிக்கிற பெண் மாதிரி நிமிர்ந்து நின்று, அந்த நோட்டிஸை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். பராமரிப்பு வேலை, தண்ணீர் நிறுத்தம், சேமித்து வைத்துக்கொள்ளவும், எல்லாம் அதில் இருந்தது. என்ன உச்சரிப்பு, என்ன ஏற்ற இறக்கம்!

இவ்வளவு தெரிந்தும் ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். ஆயர் என்றால் தண்ணி என்று தெரியுமாம். மிச்சம் தெரியாதாம். கடைசியில் தெரிமா காசே, நன்றி, என்று போட்டிருந்ததால் தண்ணியைப் பற்றி ஏதோ நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டாளாம்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மலாய் எழுத்துக்கூட்டினால் வாயில் வந்துவிடுகிற மொழி. ஏபிசி தெரிந்த பிள்ளை எதையும் சரளமாக வாசித்துவிடும், அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. துருவித் துருவிக் கேட்டேன். வகுப்பில் எந்தப் பத்தி என்று முன்னாடியே சொல்லி வாசிக்க வைப்பார்களாம். கட்டுரையை டியூஷனில் மனப்பாடம் செய்து எழுதுவாளாம். கேள்விக்கு எப்படியடி சரியான விடை எழுதுகிறாய் என்றேன். கேள்வியில் இருக்கிற வார்த்தை எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியைப் பார்த்து எழுதினால் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்று எனக்கே வித்தை சொல்லிக் கொடுத்தாள். அந்தக் கதைப் போட்டியில் என்ன கதை சொன்னாய் என்று கேட்டேன். ஒரு முதலை வரும், கடைசியில் அழ வேண்டும் என்றாள்.

அன்றே அவளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஆசிரியை சின்ன வயசுதான். நான் வருவதைப் பார்த்ததும் முகம் இறுகியது. நிலை போதவில்லை, ஆறு போடுங்கள் என்று சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். குறைக்கச் சொல்லி வந்திருக்கிறேன் என்றதும் இன்னும் பயந்துபோனார். கல்வி இலாகாவில் இருந்து யாராவது என்னை அனுப்பினார்களா என்று கேட்டார். அவருக்கு என் மேல் சந்தேகம், எனக்கு அவர் மேல் சந்தேகம். மகள் நடுவில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். மகள் கணீரென்று வாசித்தாள். இதில் யாருக்கு என்ன ஆனது என்று நான் கேட்டேன். மகள் ஆசிரியையைப் பார்த்தாள், ஆசிரியை மேசையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார் மெதுவாக. போன வருஷம் ஒரு பிள்ளைக்கு உள்ளது உள்ளபடி இரண்டு போட்டாராம். அந்தப் பிள்ளையின் அப்பா வாசலில் நின்று, என் மகன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே என்று ஊரைக் கூட்டிவிட்டாராம். நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீணாக வேண்டாமே என்று அதற்கப்புறம் கொஞ்சம் தாராளமாகவே போடுகிறாராம். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அவரைத் திட்டத்தான் போயிருந்தேன், முடியவில்லை.

"நானும் ரிமூவ்தான் டீச்சர்," என்றேன்.

மகள் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாது. என் கணவருக்கே தெரியாது. எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு வருஷம் போய்விட்டது என்றுதான் எங்கள் அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஆனால் இன்றைக்குத் துறைமுகத்துப் பக்கம் சரக்கு ஏற்றுமதி ஆபீசில் உட்கார்ந்து, சுங்க அதிகாரிகளோடு மலாயில் மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறேன் என்றால், அது அந்த ஒரு வருஷம் போட்ட சோறு. இவள் இப்படியே ஃபார்ம் ஒன் போனால் அறிவியல், வரலாறு எல்லாமே மலாயில்தான். ஒன்றும் விளங்காமல் அழகாக வாசித்துக்கொண்டே ஐந்து வருஷத்தையும் தொலைத்துவிடுவாள். இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

"அங்க போனா அர்த்தம் சொல்லித் தருவாங்களாம்மா?" என்று மகள் கேட்டாள்.

எனக்குச் சொல்லித் தந்தார்கள் என்றேன்.

கணினியில் நிலைகளைப் பதிவு செய்யும் கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. ஆசிரியை மடிக்கணினியைத் திறந்தார். அப்பாவிடம் கேட்டுவிட்டீர்களா என்றார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன், எப்படி என்று தெரியாமலே. ஐந்தை அழித்துவிட்டு இரண்டை அடித்தார். திரையில் ஒரு சின்னக் கட்டம் குதித்தது. மகள் எட்டிப் பார்த்து, பழக்கதோஷம், சத்தமாக வாசித்தாள்.

"அடாக்கா அண்டா பஸ்தி." வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்படின்னா என்னம்மா?"

பிறந்ததிலிருந்து ஒரு மலாய் வார்த்தைக்கும் அவள் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

"நிச்சயமான்னு கேக்குது," என்றேன்.

ஆசிரியையின் விரல் அப்படியே நின்றது. பஸ்தி, நிச்சயம் என்று மகள் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஆசிரியையைப் பார்த்துத் தலையாட்டினாள்.