கிளார்க்கம்மாவுக்கு ஒரு விருது

சில வருஷங்களுக்கு முன்னால், பதுளைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. நான் அங்கே நிர்வாகப் பிரிவில் கிளார்க். இப்போதும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் யார் பெயரும் சொல்லப் போவதில்லை. பேராசிரியர்களுக்குப் பாராட்டு விழா எடுப்பதில் எந்தக் கெம்பஸும் குறை வைப்பதில்லை. வாசலில் காவல் நிற்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், கூட்டிப் பெருக்குகிறவர், எங்களைப் போல ஃபைலோடு மாரடிக்கிறவர்கள், இவர்களுக்கு ஒரு கைதட்டல் கிடைப்பதற்குள் தலை நரைத்துவிடும். ஒருவழியாக எங்கள் இடத்திலும் சிறந்த கல்விசாரா ஊழியருக்கு விருது என்று ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் யாருக்குக் கொடுப்பது என்பதை மாணவர்களிடமே விட்டுவிட்டார்கள்.

மாணவிகள் விடுதியிலிருந்து ஒரே குரலாக ஒரு ஆளைச் சொன்னார்கள். விடுதியின் கழிவறையும் குளியலறையும் கழுவுகிற அக்கா. சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்று பேதமே இல்லை, எல்லாருக்கும் அவர்தான் வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரும் தோட்டத்து ஆள், நானும் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லய வரிசை வீட்டில் பிறந்தவள்தானே. நம்ம ஆள் ஒருத்தர் மேடை ஏறப் போகிறார் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் அந்த அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "தங்கச்சி, இந்த விருதெல்லாம் எனக்கு வேணாம். வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அதை வீட்டிலும் சொல்வார்கள், ஆபீசிலும் சொல்வார்கள். "எனக்கில்லையா எனக்கில்லையான்னு அவனவன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியுறான், ஒங்களுக்குக் கிறுக்காக்கா?" என்று கத்திவிட்டேன். அவர் வேணாம்னா வேணாம் தங்கச்சி என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் உதவிப் பதிவாளர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் பொரிந்து தள்ளியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீர் ஒருக்கா அவவின்ர வீட்ட போய்க் கதைச்சுப் பாரும். இங்க வச்சுக் கேட்டால் சொல்ல மாட்டா" என்றார்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுணுகலை பஸ் ஏறினேன். இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலே ஏறுகிற பாதையில் மழை பெய்து ஒரே சேறு. காலில் அட்டை வேறு. எதிரில் விறகுக் கட்டோடு வந்த ஒரு அம்மாவிடம், கெம்பஸில் வேலை செய்கிற அக்கா வீடு எது என்று கேட்டேன்.

"யாரு, கிளார்க்கம்மா வீடா? மேல் லயத்துல கடைசிக் காம்பராங்க. நீங்களும் கெம்பஸா? அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சவங்கதான்" என்று கைகாட்டினார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் கெம்பஸில் எனக்குத் தெரியாத கிளார்க்கா? வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். கடைசிக் காம்பராவின் வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே பாயில் ஆட்கள். சேலை கட்டிய ஒரு பெண் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். நம்ம அக்கா என்னைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார். அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பெரகலப் பக்கமிருந்து வந்திருந்தார்கள்.

பக்கத்துக் காம்பராப் பெண் ஒருத்தி, "கிளார்க்கம்மா ஆபீசுல இருந்து வந்திருக்காங்க போல" என்று என்னை அறிமுகப்படுத்தி வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சேறு அப்பிய என் காலையும் பார்த்தார்.

"நீங்க இவங்களுக்குக் கீழயா வேல செய்றீங்க?"

அந்த நேரம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு என்ன சொல்ல வாய் வரும்? "ஆமாங்க, அக்காதான் எனக்கு வேல பழக்கிக் குடுத்தாங்க" என்று சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை என் வாய். அக்கா கையெழுத்துப் போடாமல் ஆபீசில் ஒரு காரியமும் நடக்காது என்கிற வரைக்கும் போய்விட்டது. அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்படியாங்க, ரொம்ப நல்லது" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் மட்டும்தான், சோறு கிடையாது. சோற்றில் கை வைத்தால் சரி என்று அர்த்தம். அந்த அம்மா எழுந்து போகப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "சோறாக்கிட்டீங்கல்ல? எலையப் போடுங்க, கை நனைச்சிட்டே போறோம்" என்றார். வீடே பூரித்துப் போயிற்று. எனக்கும் ஒரு இலை போட்டார்கள். ஐயோ, அந்தச் சோற்றை நான் சும்மா அளைந்துகொண்டே இருந்தேன். நான் அவிழ்த்துவிட்ட பொய்யில்தான் ஒரு பெண்ணின் கல்யாணம் முடிவாகியிருக்கிறது என்று பயம் வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு, பின்னாலே தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்து அக்கா அழுதார். வேலை கிடைத்த புதிதில் அவருடைய வீட்டுக்காரர், பெருமையில், கெம்பஸில் ஆபீஸ் வேலை என்று லயத்தில் சொல்லி வைத்துவிட்டாராம். அது கிளார்க் வேலை என்று தானாக வளர்ந்துவிட்டது. மனுஷன் செத்தும் போய்விட்டார். கக்கூஸ் கழுவுகிறவர்களை எங்கள் சனம் ஒரு வார்த்தை சொல்லும், அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்த வார்த்தை மகள் காதில் விழக்கூடாது என்றுதான் அக்கா வாயே திறக்காமல் இருந்திருக்கிறார். மகள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர்.

"அவளுக்குத் தெரியும் தங்கச்சி. அவ வெக்கப்படல. ஆனா போற எடத்துல அவள ஒரு சொல் சொல்லிட்டா நான் உசுரோட இருப்பனா? நீங்க மேடையில ஏத்தி, மைக்குல என் வேலையச் சொல்லி, ஃபோட்டோவும் போடுவீங்க. எல்லாம் போச்சு."

ஆபீசில் கத்தியதற்கு அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். திங்கட்கிழமை உதவிப் பதிவாளரிடம், அந்த அக்காவுக்கு வேலையைச் சொல்லி அழைப்பதுதான் சங்கடம் என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ஒருத்தருக்கும் பதவி வாசிக்க வேண்டாம். பேரும் சேவை செய்யிற இடமும் சொன்னால் காணும்" என்றார். மனுஷன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தமிழில் அறிவிக்கப் போவது நான்தான். அதனால் அக்காவிடம் போய், என்னை நம்புங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அரை மனசாகச் சம்மதிக்க வைத்தேன். தன் ஊர் ஆட்கள் யாருக்கும் தெரியக்கூடாது என்பது ஒன்றுதான் அவர் கேட்டது.

விழா அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. நான் மைக் முன்னால் நின்று சும்மா ஒரு சுற்றுப் பார்க்கிறேன், இரண்டாவது வரிசையில் பட்டுச் சேலையோடு அந்த மாப்பிள்ளையின் அம்மா! இவர் எப்படி இங்கே? யார் சொன்னது? அக்காவும் பார்த்துவிட்டார். மேடைப் படியில் ஒரு காலை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். நான் பேரையும் மாணவிகள் விடுதி என்பதையும் மட்டும் சொல்லி அழைத்தேன். விடுதிப் பிள்ளைகள் எழுந்து நின்று கூரை அதிரக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் அக்கா மேலே வந்து, தலையைக் குனிந்தபடியே விருதை வாங்கினார். அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சை இழுப்பதற்குள், விடுதி சார்பில் பேச ஒரு மாணவி மேடைக்கு வந்தாள். சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தமிழுக்கு வந்தாள். முதல் வருஷம் காய்ச்சலோடு விடியக்காலையில் கழிவறையில் மயங்கி விழுந்தாளாம். வேலைக்கு வந்த அக்கா, வாந்தியையும் மற்றதையும் கழுவி, உடுப்பு மாற்றி, வண்டி வரும் வரைக்கும் மடியில் போட்டுக்கொண்டு இருந்தாராம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, லீவு நாளில்கூட வந்து கஞ்சி கொடுத்தாராம். "நாம மூக்கப் பொத்துற எடத்தத் தெனமும் கழுவுறவங்க, எங்கள ஒரு நாளும் மொகம் சுளிச்சுப் பாத்ததில்ல" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மண்டபத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் அந்த அம்மாவைப் பார்க்கவே பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் போச்சு என்று அக்கா சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா பின் கதவால் வெளியேறிவிட்டார். நான் மைக்கை இன்னொருவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். அதற்குள் அந்த அம்மா சுற்றிக்கொண்டு வந்து, அக்காவின் வழியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மேடையில் பேசிய அதே மாணவி.

"சம்பந்தி, நான் பொய் சொல்லி..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"நீங்க எங்கங்க பொய் சொன்னீங்க? ஒங்க லயத்து ஆளுங்கதான் கிளார்க்கம்மாங்குறாங்க. நீங்க வாயே தொறக்கலையே" என்று அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ யாருன்னு நெனச்சீங்க? எங்க அண்ணன் மக. ஒங்க கஞ்சியக் குடிச்சு எந்திரிச்சவ. பொங்கலுக்கு ஒங்க மக விடுதிப் பிள்ளைகளுக்குப் பொங்கல் கொண்டாந்துச்சாமே, அன்னைக்குப் பாத்துட்டு வந்துதான், 'அத்தே, பொண்ணெடுத்தா அந்த அக்கா வீட்டுல எடுங்க'ன்னு என் உசுர வாங்குனா. அதுக்குத்தானே நாங்க பெரகலயில இருந்து வந்தோம்."

நான்தான் கேட்டேன், அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று.

"நல்லா கேட்டீங்க போங்க! அவங்க வீட்டு வாசல்ல, அவங்க சனத்துக்கு முன்னாடி, அந்தப் பேச்ச நான் எடுப்பனா? அவங்களாச் சொன்னா கேட்டுக்குறது, சொல்லாட்டி விட்டுர்றது. இவகிட்டயும் மேடையில அடக்கிப் பேசுடின்னுதான் சொன்னேன், அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டா." அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆனாலும் இந்தப் பிள்ள இருக்கே! கையெழுத்து, காரியம்னு என்னமா அளந்துச்சு! சேலையால வாயப் பொத்திக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. அக்கா இன்றைக்கும் அதே விடுதியில்தான் வேலை செய்கிறார். லயத்தில் யாரும் எதையும் திருத்தவில்லை, அந்த அம்மாவும் திருத்தப் போனதில்லை. ஒருத்தரை மேடையேற்றி, மைக் பிடித்து, ஊரறியப் பாராட்டத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொண்டும் ஒரு மனுஷியை மதிக்கலாம் என்பதை அந்த அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது தன் நிலைமையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்போது, துருவிக் கேட்கத் துடிக்கிற என் வாயை நான் பெரும்பாடுபட்டு மூடிக்கொள்கிறேன்.