நோரீனின் காரில் போடாத ஃபியூஸ்

உங்கள் தவறை இன்னொருவர் தன் தவறென்று நம்பியபோது வாய்மூடி நின்றிருக்கிறீர்களா? ஆஸ்திரேலியாவின் குளோன்கரி ஊர் மெக்கானிக் டெஸ்மண்ட் அப்படி நின்றார்.

நர்ஸ் நோரீனின் பழைய காரில் புகையில் ஆக்சிஜனை அளக்கும், மின்சாரத்தால் சூடேறும் சென்சார் மாட்டியபோது, அதற்குத் தனி ஃபியூஸ் போடாமல் பெட்ரோல் பம்பின் ஒயரிலிருந்தே மின்சாரம் எடுத்திருந்தார். புது ஒயர் சைலன்சர் குழாயில் பட்டு உருகியது. பம்பின் ஃபியூஸ் போய் வண்டி நடுவழியில் நின்றது. நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில் நோரீன் நான்கு மணி நேரம் தவித்தார்.

"வண்டியும் கிழவி, நானும் கிழவி. நான்தான் சரியா பாத்துக்கல, டெஸ்."

டெஸ்மண்ட் தலையாட்டினார். மதுக்கடையில் ஊரே நோரீனைக் கேலி செய்தது. ஒரு வாரம் அதைக் கேட்டுக் குறுகிப்போன டெஸ்மண்ட், வெள்ளிக்கிழமை அங்கே கூடிய கூட்டத்தில் எழுந்தார்.

"நோரீன் மேல தப்பில்லடா. தனி ஃபியூஸ் போடுற அரை மணி நேர வேலைக்குச் சோம்பல்பட்டவன் நான்தான்."

நீங்களும் இன்றே போய் உங்கள் தவறைச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொல்லுங்கள்.