என் சம்சாரத்துக்குப் போட்ட கம்பி

வீட்டிலேயே தொங்கிப் பழக ஒரு கம்பி போடணும், செலவும் கூடக்கூடாது என்று யார் கேட்டாலும் எங்கள் பக்கத்தில் என்னைத்தான் கை காட்டுவார்கள். காட்டட்டும். கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் தண்ணி பைப் போடாத தெரு இல்லை. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து, அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வெறுங்கையோடு கண்டிக்கு இறங்கினவன் நான். இன்றைக்கு நான் இருக்கிற வீடு நானே கட்டினது. சுவரில் ஒரு வெடிப்பு காட்டுங்கள் பார்ப்போம்.

அந்த முதல் கம்பியை எனக்காகப் போட்டேன் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. நான்தான் அப்படி நினைக்க வைத்தேன். போட்டது என் சம்சாரத்துக்கு.

அவளுக்கு வலது மார்பில் ஒரு கட்டி. கண்டி பெரியாஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். காயம் ஆறின பிறகு பார்த்தால், வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அடுத்தது கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம். அந்த மெசினில் படுக்கும்போது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆடாமல் வைத்திருக்கணுமாம். கை தூக்காவிட்டால் ஆரம்பிக்கவே முடியாது, தள்ளித்தான் போடணும், தள்ளிப் போடுவது நல்லதில்லை என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற மிஸ் சொன்னார். நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

"ஒரு கம்பியப் புடிச்சுக்கிட்டு மெதுவா உடம்ப கீழ எறக்கணும். நாளாக நாளாகக் கம்பிய ஒசத்தணும். வெடுக்குன்னு இழுக்கக் கூடாது" என்றார் அந்த மிஸ்.

திரும்பி வரும் பஸ்ஸில் சம்சாரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யாருக்கும் சொல்லக் கூடாதுங்க. இப்பத்தான் புள்ளையப் பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்துட்டுப் போயிருக்காங்க. தாய்க்கு இந்த நோவுன்னா மகளுக்கும் வரும்னு பேசுவாங்க."

"ஒன் தங்கச்சிக்குமா?"

"அவளுக்குச் சொன்னா தோட்டம் பூரா தம்பட்டம் அடிச்ச மாதிரிதான்."

வயிற்றில் ஒரு ஆபரேசன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். மகளுக்கும் எங்களுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும்.

கண்டி டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்றில் போய்ப் பார்த்தேன். கதவு நிலைக்கு நடுவில் வைத்து, முறுக்கி முறுக்கி இறுக்குகிற கம்பி ஒன்று காட்டினார்கள். பளபளப்பு நல்லா இருந்தது. ஆனால் அதைத் தாங்குவது இரண்டு ரப்பர் முனைதான். நிலை மரம் கொஞ்சம் உளுத்திருந்தாலும் ஆள் கீழே. ஒவ்வொரு நாளும் உயரம் மாற்றுவதென்றால் தினமும் அவிழ்த்து தினமும் முறுக்கணும். விலையைக் கேட்டேன், கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பிலிமத்தலாவையில் பழைய இரும்புக் கடையில் ஒரு துண்டு ஜீ.ஐ. பைப் பொறுக்கி எடுத்தேன். கூரை வேலையில் மிஞ்சின பலகை இரண்டு வீட்டிலேயே கிடந்தது.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் சமைக்கிற குசினிச் சுவருக்கும் பாத்ரூம் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து, மேலே தகரம். இரண்டு சுவரிலும் நேருக்கு நேர் பலகையை நிறுத்தி, ஏணிப்படி மாதிரி சாய்வான வெட்டுகள் வெட்டினேன். பைப்பைத் தூக்கி எந்த வெட்டில் வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும். பலகையை இறுக்க, ஓட்டைக்குள் அடிக்கிற ரோல் ப்ளக்கை நம்பவில்லை. சுவரை மறுபக்கம் வரை துளைத்து, வாஷர் போட்டு நட் முடுக்கினேன். யானையைக் கட்டினாலும் நிற்கும்.

சம்சாரம் வந்து பிடித்துப் பார்த்தாள். நான் போட்டது ஒன்றரை இஞ்சி பைப். அவள் விரல் பாதிகூடச் சுற்றவில்லை.

"என்னங்க, இது கம்பியா, கோயில் கொடிமரமா?"

மறுபடி பிலிமத்தலாவைக்குப் போய் முக்கால் இஞ்சி எடுத்து வந்தேன். காலை நேரத்தில் இரும்பு ஐஸ் மாதிரி இருக்கும் என்று பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து அதில் சுற்றினேன். இன்றைக்கு யாருக்குக் கம்பி போட்டுக் கொடுத்தாலும், முதலில் பிடிக்கிறவரின் கையைப் பார்த்துவிட்டுத்தான் பைப் வாங்குவேன்.

கண்டிப் பக்கத்து வீடுகள் மலைச்சரிவில் படிப்படியாகத்தான் இருக்கும். மேல் வீட்டு முற்றத்தில் நின்றால் எங்கள் பின்பக்கம் தட்டில் வைத்த மாதிரி தெரியும். அந்த வீட்டில் இருந்தது கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. நல்ல மனுசன். ஆனால் அவர் கண்ணில் பட்டது அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"என்ன பாஸ், பின்னுக்கு ஊஞ்சலா கட்டுறீங்க?" என்று மேலிருந்து கேட்டார்.

"எனக்குத்தான் நானா, எக்சசைஸ். வயசாகுதுல்ல, உடம்ப வச்சிக்க வேணாமா?"

"அப்ப ஒண்டு எடுங்க பாப்பம்!"

விடுவாரா? பைப்பை உச்சி வெட்டில் போட்டுத் தொங்கினேன். ஒன்று எடுத்தேன், சத்தியமாக எடுத்தேன், தாடை கம்பிக்கு மேலே போனது. இரண்டாவதில் பாதியில் கால் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்துவிட்டது.

"வௌவாலும் இப்பிடித்தான் பாஸ் தொங்குது. அது எக்சசைஸ் எண்டு சொல்லிக்கிறதில்ல!" என்று நானா சிரித்த சிரிப்பில் அவர் வீட்டுப் பெண்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

குசினிக்குள் என் சம்சாரம் காயத்தின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க, இழுக்குது" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு பின்னேரம் ஆனால் நான் தொங்கிக் காட்டுவேன். பகலில், நானா கடையிலும் அவர் வீட்டுப் பின்கதவு மூடியும் இருக்கிற நேரத்தில், அவள் பிடிப்பாள். முதலில் கம்பி நெஞ்சளவில் இருந்தது. பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கி மெதுவாக இறங்குவாள். உதட்டைக் கடித்துக்கொள்வாள். அக்குளில் நரம்பு கயிறு மாதிரி விறைத்து நிற்கும்.

"இன்னைக்கு வேணாம்ங்க."

"நான் போட்ட கம்பி விழாது."

"கம்பி விழாது. நாந்தான் விழுவேன்."

கம்பி கண் மட்டத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. குறித்த நாள் நெருங்குகிறது, கை ஒரு வெட்டுக்கூட ஏறவில்லை. எத்தனையோ வீட்டில் துருப்பிடித்து இறுகின நட்டையெல்லாம் கழற்றினவன், இதில் ஒன்றும் செய்ய முடியாமல் பக்கத்தில் நின்றேன். எண்ணெய் போட்டுச் சுற்றுகிற விஷயமா இது?

ஒரு பகல் வேலையிலிருந்து சாப்பிட வந்தேன். அவள் தன் இடது கையாலேயே கம்பியைத் தூக்கி, தலைக்கு மேலே உள்ள வெட்டில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "சத்தம் போடாதீங்க. எறக்கினா மறுபடி ஏத்த முடியாது."

குறித்த நாளில் மெசினில் படுத்தாள். கை தலைக்கு மேலே போனது, ஆடாமல் நின்றது. தினமும் பஸ்ஸில் போய் முழுவதையும் முடித்துக்கொண்டு வந்தாள். மகள் கல்யாணத்தில் வலது கையைத் தூக்கி அட்சதை போட்டாள். ஒரு ஆள் கூடச் சந்தேகப்படவில்லை.

அதற்கு அடுத்த மழைக் காலத்தில் முதுகு வலி என்றாள். நோய் எலும்புக்குப் போயிருந்தது. அப்போதும் சொல்ல விடவில்லை. "புள்ள முழுகாம இருக்கா. இப்பப் போயி மாமியார் வீட்டுல பேச்சு வாங்கணுமா?" என்றாள். முதுகு வலி என்றே எல்லோருக்கும் சொன்னோம். முதுகு வலிக்காரியைப் பார்க்க ஹேவாஹெட்டயிலிருந்து யார் இறங்கி வருவார்கள்? வீட்டிலேயே உயிர் போனது.

அவளுடைய தங்கச்சி செய்தி கேட்டு வந்தாள். எங்கள் வழக்கப்படி குளிப்பாட்டப் பெண்கள் உள்ளே போனார்கள், அவளும் போனாள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தண்ணி சொட்டுகிற கையோடு வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

"மச்சான், நெஞ்சுல என்னா அது?"

சொன்னேன். எப்போது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

"அப்பவா?" என்றாள். "அப்பத்தானே போன் போட்டு, நீங்க கம்பியில தொங்குற கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன் மச்சான். மலையில கொழுந்து பறிக்கிற எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்க வச்சேன். கைய தூக்க முடியாம கெடந்தவகிட்டயா நான் சிரிச்சேன்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்து தலையாச்சும் சீவி விட்டிருப்பேனே."

 

"அவளே சீவினாம்மா" என்றேன். "கை மேல போச்சு. போன வாரம் வரைக்கும் அவளேதான் சீவிக்கிட்டா."

 தங்கச்சி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அக்காவுக்குத் தலை வார உள்ளே போனாள்.