கட்டிப் பார்த்த கணுக்கால்

ஐம்பதுகளில் சிராங்கூன் ரோட்டில், ஒரு மளிகைக்கடை வாசல் நடைபாதையில் தையல் மிஷின் போட்டிருந்தேன். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகியது. வீக்கம் வற்றியது, வலி போகவில்லை. வருஷக்கணக்காகக் கணுக்காலுக்குள் ஒருவன் உட்கார்ந்து ஊசி ஏற்றிக்கொண்டே இருந்தான்.

துணி தைக்க வந்தவர்கள் எல்லாம் எனக்கு வைத்தியர்களாகிவிட்டார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து வந்த அம்மாவிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டேன். உயிர் போய் வந்தது. சீன வைத்தியர் கறுப்புக் களிம்பு பூசிக் கட்டினார். அந்த வாடைக்கு வாடிக்கைக்காரர்கள்தான் எட்ட நின்றார்கள். ஆஸ்பத்திரியில் மூட்டுக்குள் ஊசி போட்டார்கள். கொஞ்ச நாள் ராஜாவாகத் திரிந்தேன். பிறகு அதே வலி.

கடைசியில் டாக்டர் ஆப்பரேஷன் என்றார். எலும்போடு எலும்பை ஒட்டவைத்துவிட்டால் வலி நின்றுவிடும், ஆனால் கணுக்கால் இனி மடங்காது. நடக்கலாம், வேலை பார்க்கலாம் என்றார். ஆனால் காலால் மிதித்து ஓட்டும் என் மிஷின் ஓடுவதே கணுக்காலில்தான். வேறு தொழிலும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். துணி அளக்கும் மரக்கோலை முழங்காலில் வைத்து உடைத்தேன். இரண்டு துண்டையும் காலுக்கு இருபுறமும் வைத்து, வெட்டுத்துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"ஆப்பரேஷன் பண்ணினா கால் இப்படித்தான் இருக்கும். தைக்க முடியுதான்னு பாக்கணும்."

மிதித்தேன். சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்தது. கோர்த்துவிட்டு மறுபடி மிதித்தேன், மறுபடியும் அறுந்தது.

"ஒத்தக் கால்ல மிதிங்களேன்," என்றாள்.

அதையும் செய்தேன். தையல் குடிகாரன் நடையாகக் கோணியது. இந்தத் தையலுக்கு யார் துணி கொடுப்பார்கள்? தலையை மிஷின் மேல் சாய்த்துக்கொண்டேன். இனி எங்கள் பிழைப்பு அவ்வளவுதான் என்று தோன்றியது.

"போதும், அவுத்துடுறேன்," என்று அவள் குனிந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. கட்டிய நேரத்திலிருந்து கால் வலிக்கவே இல்லை.

"அவுக்காதே," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்." நடைபாதையில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, வலியில்லாத காலை நீட்டிக்கொண்டு அழுதேன்.