அமீபா ஐயா

அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் நான்தான். அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பசறைக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் என் வீட்டுக்காரருக்கு இரத்தமும் சீதமுமாகப் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்து மருந்து கொடுக்கும் ஐயா வயிற்றில் கைவைத்துக்கூடப் பார்க்கவில்லை. "சூட்டு வயிறு. மோர் குடிக்கச் சொல்லு" என்று வெள்ளை மருந்தைப் போத்தலில் ஊற்றினார். மேல் லயத்து வீடுகளின் கக்கூஸைத் தாண்டி வரும் ஓடைதான் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் விழுகிறது. காய்ச்சிக் குடியுங்கள் என்று அந்த வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குத் தோட்ட லொறியில் போக அவர் துண்டு எழுதித் தர வேண்டும். கும்பிட்டுக் கேட்டேன். "வேலைக்குக் கள்ளம் பண்றவனுக்கு லொறி கேக்குதோ?" என்றார். என் மனுசனையா கள்ளன் என்றான், பாவி!

காய்ச்சல் கண்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு அவர் துடித்த பிறகு, லயத்து ஆட்கள் கம்பளியில் தூக்கிப்போய் பஸ்ஸில் ஏற்றினார்கள். பதுளையில் யாழ்ப்பாணத்து டொக்டர் பார்த்தார்.

"அமீபா, அம்மா. ஊத்தைத் தண்ணியில வாறது. ஈரலில சீழ் கட்டிட்டுது. முந்தியே கொண்டு வந்திருந்தா குளிசை மருந்தோடயே நோய் மாறியிருக்கும்."

"அமீபான்னா என்னங்க?"

"கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர். அதுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. உள்ளுக்க இருந்து ஆளைத் தின்னும்."

அது யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். கைக்குழந்தையோடு திரும்பினேன். கருமாதி முடிந்து கொழுந்து எடுக்கப் போன அன்றே, ரோட்டில் அந்த ஐயாவைக் கண்டு, "அந்தா போகுது பாருங்கடி, அமீபா!" என்றேன். மலை முழுக்கச் சிரித்தது. அப்புறம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலும் அதே பேர், கோயிலிலும் அதே பேர். ஹாலிஎலப் பக்கத் தோட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார். விடுவேனா? அந்தத் தோட்டத்துப் பெண்ணொருத்தி பஸ்ஸில் அகப்பட்டாள். அவர் பெட்டி போய்ச் சேருமுன் பேர் போய்ச் சேர்ந்தது.

பல வருடம் கழித்து, பசறைச் சந்தையில் என்னைத் தேடி வந்து நின்றார். தலை நரைத்திருந்தது.

"போதும்மா. என் மகளைப் பொண்ணு பார்க்க வந்தவங்க, 'அமீபா ஐயா வீடு எது'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. மானம் போகுது."

"போகட்டுங்க. உங்க மக கூப்பிட அப்பான்னு நீங்க இருக்கீங்க. என் மக அந்த வார்த்தைய இன்னும் ஒருத்தரையும் பார்த்துச் சொன்னதில்ல" என்றேன்.