மேடத்தின் இருமல்

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் சாலையில், உப்பங்கழி ஓரமாக, ஓர் இரும்புக் கம்பத்தின் உச்சியில் கூம்பு ஒலிபெருக்கி ஒன்று இருக்கிறது. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. திருவிழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் கத்துமே, அதே ரகம்தான். உப்புக்காற்றில் அதன் வாயோரம் துருவேறிக் கிடக்கிறது. பேருந்து அந்த வளைவில் திரும்பும்போது நான் சன்னலை மூடிவிடுவேன். புழுக்கத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் என்னைத் திட்டியதுண்டு. திட்டட்டும்.

கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் சாயப்பொடி ஆலையில் நான் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். ஆலையின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு அந்தக் கழியில்தான் விழும். அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது. இரண்டு கைகளும் வேண்டும் என்பதால், பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். குனிந்தால் வாயில் தண்ணீர் ஏறும். அதனால் தினமும் காலையில், அவர்கள் இறங்குமுன், நீரைச் சோதித்து, இறங்கலாமா கூடாதா என்று ஒலிபெருக்கியில் சொல்வதற்கு ஆலையில் ஒருவர் இருந்தார். அவர்தான் மேடம், எங்கள் பாதுகாப்பு அதிகாரி.

ஊரப்பாக்கத்திலிருந்து பேருந்து மாறி மாறி வருவார். மைக் இருந்தது என் அறையில். அதன் முன் உட்கார்ந்ததும் முதலில் இருமுவார், அடித்தொண்டையிலிருந்து, இரண்டு தரம். நோயெல்லாம் இல்லை, பழக்கம். அந்த இருமலும் கம்பத்தில் ஏறிக் கழி முழுக்கக் கேட்கும். நான் தம்ளரை நகர்த்தி, “தண்ணி குடிங்க மேடம்” என்பேன். “குடிச்சா போயிடுமா? அது என் கூடவே பொறந்தது” என்பார். லீவு போட்டால் இருமலை மட்டுமாவது வேலைக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஒருநாள் கேலி செய்தேன். சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

ஒரு காலையில் நீரில் ரசாயன அளவுகள் சரியில்லை. மறுநாளும் இல்லை. இறங்க வேண்டாம் என்று அவர் தொடர்ந்து சொன்னதில், கரையில் கூட்டம் கூடிக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. ஆலையை நடத்தும் பெரிய சார் என் அறைக்கே வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. “கொஞ்சம்தானே தாண்டியிருக்கு மேடம். இறங்கலாம்னு ஒரு வரி சொல்லிட்டுப் போங்க.” மேடம் மைக்கை அணைத்தார். “கையைத் தண்ணில வைக்கப்போறது நான் இல்லையே சார். அதனாலதான் சொல்ல மாட்டேன்.” அன்று மாலையே வேலையை விட்டுப் போனார். அந்த அறையில் அவருக்காக நான் ஒரு வார்த்தை பேச நினைத்தேன், பேசுமுன் எல்லாம் முடிந்திருந்தது. மைக்கையும் வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இயந்திர இரைச்சலில், வெளியே கம்பம் என்ன சொல்கிறது என்று எனக்குக் கேட்காது.

சில வாரம் கழித்து மேடம் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கழியில் இறால் பிடிக்கும் அக்கா ஒருத்தி, “தண்ணி நல்லா கீதுன்னு நீ சொன்னியேன்னுதான் எறங்கினேன், கையெல்லாம் எரியுது” என்று அவரிடம் அழுதிருக்கிறாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் விடிந்ததும் கோவளம் நிறுத்தத்தில் அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு கழிக்கரைக்குப் போனேன். லேசான பனி. பெண்கள் கரையில் கூடையோடு காத்திருந்தார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. “வணக்கம். இன்று தண்ணீரில் இறங்கலாம்.”

மேடத்தின் குரல். என் பக்கத்தில் நின்ற மேடத்தின் வாய் மூடியிருந்தது. அதற்குள் தண்ணீரில் கால் வைத்துவிட்டவர்கள் பல்லில் கடித்த கூடையோடு கம்பத்தைப் பார்த்தார்கள், திரும்பி இவரைப் பார்த்தார்கள், மறுபடி கம்பத்தைப் பார்த்தார்கள். கூடை இருந்ததால் யாரும் பேசவில்லை. அந்த அக்காதான் கூடையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: “நீ இங்க நின்னுகினு கீற. அங்க பேசறது யாரு?”

“நான் இல்லக்கா.”

“உன் கொரலுதாம்மா.”

தினமும் ஒலிபெருக்கியில் அவர் பேசியதன் பழைய பதிவுகளை ஆலையில் கணினிக்குக் கொடுத்து, எதை எழுதினாலும் அதை அவர் குரலில் சொல்லும்படி செய்திருந்தார்கள். இருமலை மட்டும் இரைச்சல் என்று நீக்கிவிட்டார்கள். அதை மேடமே கவனித்துச் சொன்னார். “நான் பேசறதுக்கு முன்னாடி இருமுவேன் இல்ல? அது இருமல, பாருங்க. இருமாம வந்தா எறங்காதீங்க.” அன்றிலிருந்து அதுவே அங்கே வழக்கமானது. காலையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். இருமல் கேட்காது. கூடையை எடுத்துக்கொண்டு கூலி வேலை தேடிப் போவார்கள். மேடம் போய்ப் புகார் கொடுத்த இடத்தில், அது உங்கள் குரல்தான் என்று எப்படி நிரூபிப்பீர்கள் என்று கேட்டார்கள். அன்று வெளியே வந்தவர் கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார், எழவில்லை. காரியங்கள் முடிந்த மறுநாள் காலை, செய்தி சொல்லக் கழிக்கரைக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் தண்ணீரில் இருந்தார்கள். குனிந்து, கழுத்தளவு அமிழ்ந்து, சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, மேடம் போயிட்டாங்க” என்று கரையிலிருந்து கத்தினேன்.

அவள் நிமிர்ந்து கூடையைப் பல்லிலிருந்து எடுத்தாள். “சும்மா சொல்லாத தம்பி. வேலைக்குத் திரும்பி வந்துட்டாங்களே. காத்தால கூட இருமினாங்களே.”

பதிவுகளில் இருமலுக்கா பஞ்சம்? பெண்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று ஆலைக்குத் தெரிந்துபோய், கழித்துப் போட்டதைப் பொறுக்கி எடுத்து முன்னால் ஒட்டிவிட்டார்கள். நான் சொல்லி முடித்ததும் அவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். முழங்கை வரை சிவந்திருந்த கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றார்கள். நான் அன்றே வேலையை விட்டேன்.

இப்போது மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் வேலை. கழியில் யாரும் இறங்குவதில்லை. ஆனாலும் ஒலிபெருக்கியை யாரும் நிறுத்தவில்லை. சன்னலை மூடினாலும் கேட்கத்தான் செய்கிறது. தினமும் காலையில் அது முதலில் இருமுகிறது, அடித்தொண்டையிலிருந்து, இரண்டு தரம். தண்ணி குடிங்க மேடம் என்று என் வாய் தானாக முணுமுணுக்கிறது.