ப்ராக்ஸி எழுந்திருக்க வேண்டும்

இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. எனக்கே நடந்தது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நான்தான். இப்போது சிரிப்பதில்லை.

சாங்லியில் எங்கள் குழு போட்டிகளுக்கு ஓரங்க நாடகம் போடும். நடிப்பவர் ஒத்திகைக்கு வராத நாளில் அவர் இடத்தில் உட்கார்ந்து வசனம் சொல்பவருக்குப் பெயர் ப்ராக்ஸி. எங்கள் குழுவின் நிரந்தர ப்ராக்ஸி நான். எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் கைதட்டல் கிடையாது, டீ மட்டும் உண்டு. அதற்கு ஒரே ஒரு விதி. உண்மையான ஆள் வந்து நின்றால், பாதி வசனத்தில் இருந்தாலும் ப்ராக்ஸி பேசாமல் எழுந்துவிட வேண்டும்.

அந்த வருட நாடகத்தில் இரண்டே பேர். என் தம்பி ஜெய்வந்த், அவன் மனைவி மேதா. வீட்டை விட்டுப் போன மனைவி ஒரு மாலையில் திரும்பி வந்து, கணவனையும் தன்னோடு கூப்பிடுகிற கதை. ஒத்திகை பாதியில் இருந்தபோது மழை. பாலத்தில் பைக் சறுக்கி மேதா போய்விட்டாள்.

நாடகமே வேண்டாம் என்றோம். ஜெய்வந்த் கேட்கவில்லை. சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான், திராட்சைத் தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். ஒத்திகைக்கு மட்டும் வந்துவிடுவான்.

“இந்த ஒரு நாடகம் முடியட்டும்க்கா. அப்புறம் எதுவும் கேக்க மாட்டேன்,” என்றான்.

அந்த ‘அப்புறம்’ எனக்குப் பிடிக்கவில்லை. அவனைக் கண்ணெதிரில் வைத்திருக்க வேறு வழி தெரியாமல் மேதாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது சத்தம்தான்.

டிக்... டிக்...

மேதாவுக்கு ஒரு பழக்கம். பேசுவதற்கு முன் பச்சை வளையலை நாற்காலிக் கையில் இரண்டு முறை தட்டுவாள். இயக்குநர் கேத்கர் எவ்வளவு திட்டியும் விடவில்லை. நான் வளையலே போடுவதில்லை. என் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. மின்விசிறியாக இருக்கும் என்று அண்ணாந்து பார்த்தேன். அது ஓடவில்லை.

இன்னொரு நாள் ஜெய்வந்த் வசனத்தை நிறுத்திவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“அக்கா, எழுந்திரு. அவ வந்துட்டா.”

நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். யாரும் வரவில்லை, வசனத்தைச் சொல்லுடா என்று அதட்டினேன். என் பின்கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

போட்டி நாள் வந்தது. மேடையிலும் மேதாவின் வேடத்தில் நான்தான். மதியம் மூன்று மணி. நடராஜருக்குத் தேங்காய் உடைத்தோம். நாடகம் தொடங்க அடிக்கும் மூன்றாவது மணியும் அடித்தது. திரை விலகியது.

கடைசிக் காட்சி வரை ஒரு குறையும் இல்லை. அதில் கணவன் செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுவான். “குடிச்சிட்டுக் கிளம்புங்க,” என்பாள் மனைவி. அவன் குடித்துவிட்டு அவளோடு போவான். அதோடு நாடகம் முடியும்.

ஜெய்வந்த் டம்ளரை எடுத்தான். தண்ணீர் கலங்கலாக இருந்தது. ஒரு வாடை... திராட்சைக்கு அடிக்கிற மருந்து வாடை.

எனக்குப் புரிந்துவிட்டது. என் தம்பி நிஜமாகவே கிளம்பத் தயாராக வந்திருக்கிறான். கத்த வேண்டும். வாயைத் திறந்தேன்.

டிக்... டிக்...

என் காதருகே.

“அக்கா,” என்றான். நாடகத்தில் இல்லாத சொல். “எழுந்திரு.”

மாட்டேன் என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. பழகிப்போன கால். எழுந்து பக்கத்திரை ஓரமாகப் போய் நின்றேன்.

நாற்காலி காலி.

அவன் அதையே பார்த்தான். யாரோ பேசுவதைக் கேட்பவன் போல... முடியாது என்று தலையாட்டினான். மறுபடி காதுகொடுத்துக் கேட்டான்.

டம்ளரைக் கவிழ்த்தான்.

தண்ணீர் மேடையில் ஓடியது. திரை மூடியது.

அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். திட்டினேன். முதுகில் நாலு அடி வைத்தேன். வரக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டதாக மட்டும் முனகினான். இன்று சாப்பிடுகிறான், தோட்டத்துக்குப் போகிறான். எனக்கு அது போதும் என்றுதான் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, கேத்கர் போட்டி வீடியோவைக் காட்டினார். கடைசிக் காட்சி வந்தது.

நான் எழவேயில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அதன் கையை இரண்டு முறை தட்டுகிறேன். என் குரலில், என் வாயால் பேசுகிறேன்.

“நீங்க வர வேண்டாம். நான் இங்கயே இருந்துடறேன்.”

வசனத்தை மாற்றியது நன்றாகத்தான் இருந்தது என்றார் கேத்கர்.

பக்கத்திரை ஓரமாகப் போய் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தது... எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை.

நேற்று காலை என் கணவர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் கையையே பார்த்தார்.

“அதென்ன பழக்கம் சுலபா, எது பேசினாலும் முதல்ல ரெண்டு தட்டு தட்டுற?”

எப்போதிருந்து என்று கேட்டேன். போட்டி முடிந்து வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து என்றார்.